பந்து வராத விளையாட்டு

"சாமி, ஆய்வுக்காகச் சொல்லும் பொய்யும் பாவமா?"

சென்ற தவக்காலத்தில் மாலைத் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் இப்படிக் கேட்டவர், நம் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருவர். ஓசூரிலிருந்து நாள்தோறும் எல்லை கடந்து, பெங்களூருக் கல்லூரி ஒன்றில் உளவியல் முதுகலை பயில்கிறார். பட்டத்திற்கென அவர் உருவாக்கிய ஆய்வே அவரது மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது.

அது ஒரு பந்து விளையாட்டு. கைப்பேசிக்கு வரும் சுட்டியைத் தொட்டால் இணைய உலாவியில் திரை விரிகிறது. முதற்பக்கம் ஒப்புதல் கேட்கிறது. அடுத்தது விதிமுறைகளைச் சொல்கிறது. பின்பு மூன்று உருவங்கள் பந்தெறிந்து விளையாடுகின்றன. ஒன்று நாம், மற்ற இரண்டும் எங்கோ இருந்து விளையாடும் மனிதர்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. முதலில் ஓரிரு முறை பந்து நம்மிடம் வருகிறது. பிறகு வருவதேயில்லை, அவ்விருவரும் தமக்குள்ளேயே எறிந்துகொள்கின்றனர். முடிவில் நம் மனநிலை குறித்துச் சில வினாக்கள். அதன்பின், கடைசிப் பக்கத்தில் உண்மை: எதிரே எவருமில்லை, எல்லாம் கணினியின் செயல்.

இவ்விளையாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கிப்லிங் வில்லியம்ஸ் என்னும் உளவியலார் பூங்காவில் அமர்ந்திருந்தபோது, இருவர் விளையாடிய எறிதட்டு அவரருகே விழுந்தது. எடுத்தெறிந்தார், அவர்களும் இவருக்கு எறிந்தனர். சற்று நேரத்தில் நிறுத்திவிட்டனர். முன்பின் அறியாதவர்களின் அச்சிறு புறக்கணிப்பும் தம்மை வருத்தியதை அவர் உணர்ந்தார். அதிலிருந்தே ஆய்வு பிறந்தது. 2000-ஆம் ஆண்டில் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட இணையவழி ஆய்வில் 62 நாடுகளைச் சேர்ந்த 1,486 பேர் பங்கேற்றனர். இன்றோ, 2015-இல் ஆய்விதழ் வழியே அறிமுகமான ஜேஎஸ்-சைக் போன்ற இலவச நிரல் நூலகங்கள் உள்ளன. தனி அறையும் கருவிகளும் வேண்டியிருந்த ஆய்வை, ஒரு மாணவி தம் வீட்டு மேசையிலிருந்தே உருவாக்கிவிடலாம்.

இதை வீண் ஆராய்ச்சி என்று நாம் தள்ளிவிட முடியாது. ஊர்விலக்கும் தனிப்பந்தியும் கண்ட மண் இது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு நம் திருச்சபைக்கும் உண்டு. ஒதுக்கப்பட்டவரின் வலியை ஒருவர் அளந்து காட்டினால், அது நமக்கும் தேவையான அறிவே.

ஆனால் நடந்தது இது. சுட்டி கைமாறிக் கைமாறி, ஒரு தொழிற்சாலை விடுதியில் தங்கியிருந்த இளம்பெண்ணை அடைந்தது. வெளியூரிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆனவர். பந்து வராமற்போகவே, பாதியிலேயே கைப்பேசியை அணைத்துவிட்டார். உண்மை கூறும் பக்கம் அவரை எட்டவேயில்லை. எதிரே விளையாடியவர்கள் தம் அறைத் தோழியரே என்று எண்ணி, இரண்டு நாள் அவர்களோடு பேசாமலும் சேர்ந்து உண்ணாமலும் இருந்தாராம். செய்தி மாணவிக்கு எட்டியபோதுதான் அவர் நம்மிடம் வந்தார்.

பொய் எதுவாயினும் ஆகாது என்பது புனித அகுஸ்தீனாரின் உறுதியான போதனை. புனித தோமா அக்குவினார் விளையாட்டுப் பொய், உதவிப் பொய், தீங்குப் பொய் என வகுத்து, தீங்கு மிகும்தோறும் குற்றம் மிகும் என்றார். ஆயினும் எதையும் நன்று என்றாரில்லை. நம் வள்ளுவரோ, குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். அவர் இட்ட நிபந்தனையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நன்மை ஆய்வாளருக்கும், குற்றமும் வலியும் விடுதிப் பெண்ணுக்கும் என்றால், அதனைக் குற்றமற்றது என்பது எங்ஙனம்?

இங்கே இறைவாக்கினர் நாத்தானை நினைவுகூர்கிறோம். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனையும் மாளச்செய்த தாவீதிடம், ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதையை அவர் சொன்னார். தாவீது அதை உண்மை வழக்கென்றே நம்பிச் சினந்தார். நோக்கத்தை மறைத்து மன்னரின் மனத்தைச் சோதித்தார் நாத்தான் எனலாம். ஆனால் அவர் பாதியில் எழுந்து போய்விடவில்லை. அந்த மனிதர் நீரே என்று முகத்துக்கு நேரே உரைத்தார். தாவீது மனம் வருந்தியபோதும் அங்கேயே இருந்தார். மறைத்தவரே வெளிப்படுத்தவும் கடமைப்பட்டவர்.

உலாவியில் நடக்கும் ஆய்வில் நாத்தான் எதிரே இல்லை. பங்கேற்பவர் முகம் வாடுவதைக் காண ஆளில்லை. திரையை மூடினால் தேற்றவும் ஆளில்லை. எண்ணிக்கை பெருகப் பெருக முகங்கள் மறைகின்றன. 2012 சனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், 6,89,003 பேர் காணும் பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றையோ துயரமானவற்றையோ ஒரு வாரம் குறைத்துக் காட்டி, அவர்கள் மனநிலை மாறுகிறதா என்று பார்த்தது. தனி ஒப்புதல் எவரிடமும் கேட்கவில்லை. 2014-இல் முடிவு வெளியானபோது கண்டனம் எழுந்தது. வெளியிட்ட ஆய்விதழே தன் கவலையைப் பதிவு செய்தது. ஒப்புதல் இருந்தாலும் அது மட்டும் போதாது. மனித மாண்புக்கு மாறான செயலை ஒப்புதல் நியாயமாக்காது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2295-ஆம் பத்தியில் தெளிவுறுத்துகிறது.

மாணவியே மற்றொரு செய்தியையும் சொன்னார். எதிரே இருப்பது கணினியே என்று முன்கூட்டி அறிவித்தபோதும் பங்கேற்றோர் மனம் நொந்தனர் என வில்லியம்ஸ் குழுவினர் 2004-இல் கண்டறிந்தனராம். இது நம்மை இரு வகையில் சிந்திக்க வைத்தது. பொய்யின்றியே அறியக்கூடிய ஒன்றுக்குப் பொய் எதற்கு? அன்றியும், உண்மையை அறிவித்தால் மட்டும் வலி நீங்கிவிடுவதில்லை; ஆகவே உண்மையோடு பரிவும் வேண்டும்.

எனவே அவருக்கு நாம் கூறியது இதுவே: "மகளே, உன் அறிவுவேட்கை பாவமன்று. ஆனால் ஒருவரை நோகச் செய்துதான் அறியவேண்டுமெனில், அவர் தேறும்வரை நீ உடனிருக்க வேண்டும். தொலைவு அக்கடமையைக் குறைக்காது."

அவர் ஆய்வைத் திருத்தினார். எதிரே ஆடுவது கணினி என்று தொடக்கத்திலேயே அறிவித்தார். ஒவ்வொரு திரையிலும் வெளியேறும் பொத்தானை வைத்து, அது நேரே விளக்கப் பக்கத்துக்கே செல்லுமாறு செய்தார். தாம் நேரில் பேசக்கூடியவர்களை மட்டுமே அழைத்தார். யாவற்றுக்கும் முன்பாக, ஒரு ஞாயிறன்று அவ்விடுதிக்குச் சென்று அப்பெண்ணிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதுவரை கிடைத்த விடைகள் யாவும் வீணாயின. அதை அவர் இழப்பாகக் கருதவில்லை.

இத்தொழில் நகரின் ஆலயங்களில், வேலை தேடி வந்த எத்தனையோ இளையோர் ஞாயிறுதோறும் பின்வரிசையில் நிற்கின்றனர். திருப்பலி முடிந்ததும் நாம் நமக்குள்ளேயே பேசிக் கலைகிறோம். அவர்களுக்கும் பந்து வரவில்லை; அங்கே விளையாடுவது கணினியன்று, நாம்.