கலைக்குக் கூலியா?

கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுப்பவருக்குப் பிடிபட்ட மீனில் பங்கு உண்டு. மருதமுனைத் தறியில் நெய்பவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. தம் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்து வாழும் ஓர் ஆசிரியருக்கு எதை அளந்து கொடுப்பது? பிள்ளையின் திறமையையா? கற்ற பாடல்களின் எண்ணிக்கையையா? அல்லது கலைக்கு விலை பேசுவதே இழுக்கு என்று சொல்லிக் கொடுக்காமலே விட்டுவிடலாமா?

இசை ஆகுமா ஆகாதா என்று நம் ஊர்களில் நடைபெறும் வாதத்தினுள் இங்கு நாம் நுழையவில்லை. கற்பிப்பவரின் உழைப்பே நம் பொருள்.

தனியாசிரியருக்கும் பெற்றோருக்கும் பிணக்கு மூள்வது பெரும்பாலும் பிள்ளை வராத நாளைப் பற்றித்தான். “காய்ச்சல், வரவில்லை, படிக்காத பாடத்துக்கு ஏன் காசு?” என்று தந்தை கேட்கிறார். கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. வாங்காத சரக்குக்கு எந்தக் கடைக்காரரும் காசு கேட்பதில்லை. ஆனால், இன்று விலைபோகாத அரிசி நாளையும் மூட்டையில் இருக்கும். புதன்கிழமை நான்கு மணி என்று ஒரு பிள்ளைக்காக ஒதுக்கிய அரைமணி நேரம் நான்கரைக்குப் பின் எங்கே இருக்கிறது? அதை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்காமல் ஆசிரியர் காத்திருந்தார். அவர் விற்றது அறிவையன்று; அறிவு கொடுத்த பின்னும் அவரிடமே இருக்கிறது. திரும்பி வராதபடி அவர் கொடுத்தது தம் வாழ்நாளின் ஒரு துண்டை.

மொஸார்ட்டும் இந்தத் தொல்லைக்குத் தப்பவில்லை. வியன்னாவில் அவர் பன்னிரண்டு பாடங்களுக்கு ஆறு டுக்காட் என்று வாங்கிவந்தார். மாணவியர் வாரக்கணக்கில் வராமல் நின்றனர். வந்தாலும் வராவிட்டாலும் மாதத்துக்கு ஆறு டுக்காட் என்று விதியை மாற்றிக்கொண்டதாக 1782 ஜனவரியில் அவர் தந்தைக்கு எழுதினார். மேதைக்கும் வீட்டு வாடகை உண்டு அல்லவா?

கற்பித்தலுக்குக் கூலி பெறலாமா என்னும் வினா நம்மவர்க்குப் புதியதன்று. குர்ஆன் ஓதிக் கொடுப்பதற்குக் கூலி ஆகுமா என இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் நெடுங்காலம் வாதித்தனர். நம் கரையோர மக்கள் பின்பற்றும் ஷாபிஈ மரபு அதனை அனுமதித்தது. முற்கால ஹனபி அறிஞர்கள் மறுத்தனர், பிற்காலத்தவர் அனுமதித்தனர். பிற்காலத்தவர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. முன்னர் ஓதிக் கொடுப்போருக்குப் பொதுக் கருவூலமாகிய பைத்துல்மாலிலிருந்து கொடை கிடைத்தது. அது நின்ற பின் கூலியும் மறுக்கப்பட்டால் கற்பிப்பாரே இல்லாமற் போவர் என்றனர். வேதத்தையும் பியானோவையும் நாம் ஒரு தட்டில் வைக்கவில்லை. கற்பிப்பவருக்கும் பசிக்கும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது. பொதுப் பணம் பின்வாங்கிய இடத்தில்தான் தனிக் கட்டணம் நியாயம் பெறுகிறது.

அப்படியானால் நெசவாளியின் மகள் என்ன செய்வாள்? கட்டணம் நியாயமானது என்பதால் அவள் கையில் காசு முளைத்துவிடாது. இதுவே இவ்விஷயத்தின் வலி மிகுந்த பகுதி. ஏழைப் பிள்ளைக்கு ஆசிரியர் இலவசமாகக் கற்பிக்கட்டுமே என்று நல்லோர் சொல்வர். தாமாக அவ்வாறு செய்பவரைப் போற்றுவோம். ஆனால் ஓய்வூதியமும் இல்லாத, விடுமுறைச் சம்பளமும் இல்லாத ஒருவரிடம் அதைக் கடமையாக்குவது, சமுதாயத்தின் கடனை ஒரு தனி மனிதரின் தோளில் இறக்கி வைப்பதாகும்.

1945-இல் கன்னங்கரா நிறைவேற்றிய இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கதவைத் திறந்தது. இன்று மேலைத்தேய சங்கீதமும் கர்நாடக சங்கீதமும் பாடத்திட்டத்தில் இடம் பெற்றிருக்கின்றன. ஆயினும், பாடத்திட்டத்தில் எழுதியதனாலேயே வகுப்பறைக்குள் வாத்தியம் வந்துவிடுமா? கல்முனைக்கு அயலூராகிய காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் நீண்ட ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூலை 1947-இல் அரங்கேற்றினார். அவர் பெயரால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. பொதுப் பணம் இசையைத் தாங்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அந்த வாசலை அடையுமுன் ஒரு பிள்ளையின் விரல்கள் பழகவேண்டிய ஆண்டுகளைத் தாங்குவது யார்?

கூலி பெறும் ஆசிரியருக்கும் கடமை உண்டு. லண்டன் பரீட்சையின் எட்டுப் படிகளையும் ஏற்றிக் காட்டுவது மட்டும் அதுவன்று. பிள்ளை தானே இசையைப் படித்து, தன் பிழையைத் தானே கேட்டுத் திருத்தும் நாளை விரைவில் கொண்டுவர வேண்டும். அந்த நாள் தம் வருமானத்தைக் குறைக்கும் என்று தெரிந்தும் கொண்டுவர வேண்டும்.

பெற்றோரே, வராத நாளுக்கும் கட்டணத்தைக் கொடுங்கள். கொடுத்த பின், அதைக் கொடுக்க இயலாத அயல்வீட்டாரையும் அழைத்துக்கொண்டு பாடசாலையிடமும் மாநகர சபையிடமும் செல்லுங்கள். ஓர் அறை, ஒரு பியானோ, மாதச் சம்பளத்தில் ஓர் ஆசிரியர்: இவற்றைக் கேளுங்கள். கலைக்குக் கூலியா என்று கேட்கும் உரிமை, அந்தக் கூலியைப் பொதுவிலிருந்து கொடுக்க முன்வரும் சமுதாயத்துக்கே உண்டு.