செய்தவன், சுட்டவன், இசைந்தவன்

துப்பாக்கித் தோட்டா நான்கு உறுப்புகளால் ஆனது: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்திருக்கும் கேப் எனப்படும் தீமூட்டி, கூட்டுக்குள் நிரம்பிய மருந்து, முனையில் செருகிய குண்டு. குதிரையை இழுத்ததும் ஊசி கேப்பை அடிக்கிறது. கேப்பின் பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து எழும் வாயு குண்டை உந்தித் தள்ள, பித்தளைக் கூடு மட்டும் வெறுமையாக வெளியே விழுகிறது. அந்த வெறுங்கூட்டைப் பொறுக்கியெடுத்து, பழைய கேப்பை நீக்கி, விரிந்துபோன பித்தளையை அச்சிலிட்டு அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்கும் வேலையைப் பல நாடுகளில் இலக்குச் சுடுவோரும் வேட்டைக்காரரும் வீட்டு மேசையிலேயே செய்கின்றனர். படைத் தோட்டாவின் ஆற்றலைத் தம் கையாலேயே எட்டிவிட வேண்டும் என்பது அவர்களுள் ஒரு சாராரின் நெடுநாள் ஆசை. 1954இல் நேட்டோ நாடுகள் ஏற்றுக்கொண்ட 7.62 மில்லிமீட்டர் தோட்டா தன் குண்டை நொடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செலுத்துகிறது. அதே வேகமும் அதே குறிதவறாமையும் தம் மேசையில் உருவான தோட்டாவுக்கும் வாய்க்க வேண்டும் என்று அவர்கள் மருந்தைத் தராசில் மீண்டும் மீண்டும் நிறுத்துப் பார்க்கின்றனர். இந்தியாவில் இந்த வழக்கம் மிக அரிது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம்; வெள்ளையர் காலத்திலேயே .303 அளவு படைக்கென ஒதுக்கப்பட்டுவிட்டதால்தான் .315 என்ற தனி அளவு இந்நாட்டு வேட்டைத் துப்பாக்கிக்கு வந்து சேர்ந்தது. போட்டிகளில் பெரிதும் புழங்கும் .22 தோட்டாவிலோ தீமூட்டும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அதைத் திரும்ப நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை.

ஆயினும் அந்த வீட்டு மேசை, அறம் பற்றிய ஒரு பழைய கேள்வியைத் தெளிவாக வைத்துக் காட்டுகிறது. அங்கே மருந்தை அளந்தவனும் குண்டைச் செருகியவனும் குறிபார்த்துச் சுட்டவனும் ஒருவனே. வினை யாரைச் சேரும் என்று கேட்டால் விரல் நீட்ட வேறு ஆளில்லை. படைத் தோட்டாவின் கதை இதற்கு நேர்மாறானது. திருச்சிராப்பள்ளியை அடுத்த நவல்பட்டில் 1966இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை, சுயமாகக் குண்டேற்றும் 7.62 ரைஃபிளையும் அதன்பின் 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் ரைஃபிளையும் படைக்குச் செய்து தந்தது. ஆனால் அவற்றுக்கான தோட்டா மராட்டியத்தின் கட்கியிலும் வரண்காவிலும் உருவாகிறது. உந்துமருந்து செய்வதற்கென்றே நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் ஏற்பட்ட தொழிற்சாலை ஒன்று உண்டு. திருச்சியிலேயே உள்ள ஹெச்.ஏ.பி.பி. எனப்படும் கன உலோகக் கலவை ஆலை, பீரங்கிவண்டியின் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் ஊடுருவிகளைத் தூள் உலோக முறையில் செய்தெடுக்கிறது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, துப்பாக்கி செய்யும் ஆலை ஒரு நிறுவனத்துக்கும் ஊடுருவி செய்யும் ஆலை மற்றொன்றுக்கும் போயின. பேரல் பிரிவில் நிற்கும் தொழிலாளியின் கண்ணுக்குப் படுவது ஒரு குழாயும் கேஜ் எனப்படும் இரண்டு அளவிகளும்தான்: 'கோ' கேஜ் துளைக்குள் நுழைய வேண்டும், 'நோ-கோ' கேஜ் நுழையக் கூடாது. அந்தக் குழாயின் வழியே என்றேனும் வெளிப்படப் போகும் குண்டை அவர் பார்ப்பதில்லை; அது சென்று தைக்கும் உடலை எவ்விதத்திலும் அறியார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி கேட்கிறது; எய்தவனுக்கும் அம்புக்கும் நடுவே நிற்கும் இத்தனை பேரை அது எண்ணிப் பார்க்கவில்லை.

இவர்களை மிக நுட்பமாக எண்ணிப் பார்த்தவர்கள் சமணர். திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் கோயிலின் பின்புறம் உள்ள குகைத்தளத்தில் அவர்களுடைய கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. சமணரின் அடிப்படை நூலாகிய தத்துவார்த்த சூத்திரம், வினை உயிரில் வந்து படியும் வழிகளை நூற்றெட்டாக வகுக்கிறது: எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று நிலை, அவை ஒவ்வொன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றன் வழியே நிகழும், அவற்றையும் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் என மூன்றாகப் பிரிக்கலாம், இவற்றைத் தூண்டுவன சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் நான்கு. தோட்டாவுக்கு மருந்து நிரப்புவது இந்தக் கணக்கில் ஆயத்தம் செய்தலில் அடங்கும். ஒருவரும் சுடாவிட்டாலும் அந்த நிலைக்குரிய வினை படிந்தே தீரும். இல்லறத்தானுக்குத் தொழிலில் நேரும் கொலையையும் தற்காப்பில் நேரும் கொலையையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் சமணம், கொலைக்கருவியைப் பிறருக்குக் கொடுப்பதைப் பயனற்ற தீமைகளின் வரிசையில் வைத்து விலக்குகிறது. புத்தரும் இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து வணிகங்களைச் சொல்லும்போது ஆயுத வணிகத்தையே முதலில் வைத்தார். மனுநூல் புலாலைப் பற்றிப் பேசுமிடத்தில் இசைவு தந்தவன், அறுத்தவன், கொன்றவன், வாங்கியவன், விற்றவன், சமைத்தவன், பரிமாறியவன், உண்டவன் ஆகிய எண்மரையும் கொலைஞர் என்றே பெயரிட்டு அழைக்கிறது. எட்டில் ஒரு பங்கு பாவம் என்று அந்த நூல் எவருக்கும் தள்ளுபடி தரவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இசைவு தந்தவன் கொலைஞன் என்றால், எல்லாவற்றுக்கும் இசைந்து நிற்கும் இறைவனை என்ன சொல்வது? இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தவர் திருச்சியை அடுத்த திருவரங்கத்தில் வாழ்ந்து அங்கேயே உடல் நீத்த இராமானுசர். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்து மூன்றாம் பாதத்தில், உயிர் உண்மையிலேயே செயலுக்குரிய கருத்தாவா என்ற ஆராய்ச்சி வருகிறது. கருத்தா அல்ல என்றால், இதைச் செய், இதைச் செய்யாதே என்று சாத்திரம் ஏவுவதே வீணாகும். எனவே உயிர் கருத்தாவே என்று நிறுவுகிறார். அடுத்து, அந்தச் செயலாற்றல் பரம்பொருளிடமிருந்தே வருகிறது என்கிறார். அப்படியானால் நன்மை தீமை இரண்டும் பரம்பொருளையே சேராவோ என்ற தடைக்கு அவர் தரும் விடை: எந்தச் செயலிலும் உயிரின் முதல் முயற்சியைப் பார்த்தே பரம்பொருள் அதற்கு இசைந்து, செயல் நடக்க விடுகிறது. இதை விளக்க இராமானுசர் எடுத்துக்காட்டுவது ஒரு சொத்து வழக்கு. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் மூன்றாமவனுக்குக் கொடுக்க நினைத்தால் மற்றவனின் இசைவு இல்லாமல் முடியாது; ஆனால் இசைவு கிடைத்துக் கொடுத்தபின், கொடுத்ததன் பயன் கொடுத்தவனையே சேரும், இசைந்தவனைச் சேராது.

படைக்கலத் தொழிலாளிக்கு இது அரணாகுமா? ஆகும் போலத் தோன்றும்: முதல் முயற்சி ஆணையிட்டவனுடையது, சுட்டது வீரன், குழாயைக் கடைந்தவன் அவர்களுக்கு வசதி செய்து தந்து இசைந்து நின்றவன் மட்டுமே. ஆனால் இராமானுசரின் வாதம் அவ்வளவு எளிதாக மனிதருக்கு இடம்பெயராது. பரம்பொருளின் இசைவு குற்றமற்றதாவது, அது எல்லா உயிர்க்கும் ஒருபடித்தாக நிற்பதாலும், அதனால் பரம்பொருளுக்கு அடைய வேண்டிய ஆதாயம் எதுவும் இல்லாததாலும், பாரபட்சமும் கொடுமையும் அதற்கு இல்லை என்று அதே நூல் முன்னமே நிறுவியிருப்பதாலும்தான். சம்பளத்துக்காக, ஒரு நாட்டுப் படைக்காக, குறித்த எண்ணிக்கையை மாதந்தோறும் எட்டும் மனிதர் அந்த நிலையில் இல்லை. மேலும், குழாயைக் கடைவது பிறர் செயலுக்குத் தந்த இசைவு மட்டுமன்று. தன்னளவில் அது ஒரு முழுச் செயல், அதற்குரிய முதல் முயற்சி அந்தக் கையினுடையது. ஆகவே ஒரே வினையைச் சீட்டுப் பணம்போல ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வதாக நினைப்பது தவறு. பல செயல்கள் உள்ளன, ஒவ்வொன்றும் அதைச் செய்தவனுக்கு முழுவதும் உரியது. தொழிற்பிரிவு அறிவைத்தான் துண்டு துண்டாக்குகிறது.

இதனால் நவல்பட்டில் வேலை பார்ப்பது பாவம் என்றாகிவிடாது. காவலற்ற ஊர் என்ன ஆகும் என்பதைத் திருவரங்கத்தைவிட நன்கு அறிந்த ஊர் தமிழகத்தில் குறைவு. 1323இல் தில்லிப் படை வந்து தாக்கியபோது, வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் முதுமையில் கோயிலின் உற்சவ மூர்த்தியாகிய நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்று வழியிலேயே உயிர்நீத்ததையும், வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவே கிடந்து ஸ்ரீபாஷ்யத்தின் விளக்கவுரையாகிய சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காத்ததையும் வைணவ மரபு இன்றும் சொல்கிறது. உற்சவ மூர்த்தி திரும்பி வந்தது 1371இல், விஜயநகரத் தளபதி கோபணாரியரின் படைபலத்தால். ஏழு மதிலுக்குள் இருந்துகொண்டு ஆயுதத்தை இழித்துப் பேசுவோர் அந்த மதில்கள் எதற்காக எழுந்தன என்பதையும் நினைக்க வேண்டும். கேள்வி, செய்யலாமா கூடாதா என்பதைவிட, எப்படிச் செய்வது என்பதில் நிற்கிறது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் உடல், கருத்தா, கருவிகள், பலவகை முயற்சி, தெய்வம் என ஐந்து காரணம் கூறுகிறது. ஐந்தாவதை இராமானுசர் உள்ளிருந்து இயக்கும் அந்தரியாமியாகிய பரமாத்மா என்றே கொள்கிறார். நான் செய்கிறேன் என்னும் எண்ணமற்றவன் கொன்றாலும் கொன்றவனாகான் என்ற கருத்தும் அங்கே வருகிறது. இது ஆபத்தான இடம். ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்று சொல்லும் எவனும் இதைத் தன் கவசமாக்கிக்கொள்ளலாம். ஆனால் அதே அத்தியாயம், விளைவையும் இழப்பையும் பிற உயிர்க்கு நேரும் துன்பத்தையும் தன் ஆற்றலையும் எண்ணாமல் மயக்கத்தால் தொடங்கும் செயலைத் தாமசம், அதாவது இருள் குணத்தின் செயல், என்று தள்ளுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அகங்காரத்தை விடச் சொன்ன நூல் பார்வையை விடச் சொல்லவில்லை என்பது தெரியும். கேஜ் மட்டும் தெரியும் வேலை தாமசத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால், குண்டின் வடிவத்தையே காட்டலாம். 1890களின் பிற்பகுதியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், முனையில் ஈயம் வெளித்தெரியும்படி ஒரு குண்டைச் செய்தனர். உடலில் பட்டதும் அது மலர்ந்து பெரும்புண்ணை உண்டாக்கியது. எல்லைப்புறப் போர்களில் முழு உலோகப் போர்வையுள்ள குண்டு ஆளைத் துளைத்துப் போனதேயன்றி வீழ்த்தவில்லை என்பதே அதற்குச் சொன்ன காரணம். 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகளுள் பெரும்பாலானவை அத்தகைய குண்டைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தன. வேட்டைக்காரரின் அறமோ முற்றிலும் எதிரானது: மான் புண்பட்டு ஓடி நாள்கணக்கில் துடிக்காமல் நின்ற இடத்திலேயே சாக வேண்டும் என்பதால், பல நாடுகளில் பெருவிலங்கு வேட்டைக்கு மலரும் குண்டே வேண்டும் என்று விதியே உண்டு. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியது விலங்குக்குக் கருணையாகிறது. வீட்டு மேசையில் படைத் தோட்டாவுக்கு நிகராக ஒன்றைச் செய்ய முனைபவன் வேகத்தை மட்டும் நகலெடுத்தால் போதாது. எந்த உடலை நினைத்து அந்தக் குண்டு வடிவமைக்கப்பட்டது என்பதும் அவனோடு சேர்ந்தே வருகிறது. 1857இல் கொழுப்புப் பூசிய தோட்டாவைக் கடிக்கச் சிப்பாய்கள் மறுத்தபோது, பூசாத தோட்டாவைத் தருகிறோம், விரும்பிய நெய்யையோ மெழுகையோ நீங்களே பூசிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி அரசு இறங்கி வந்தது. தோட்டாவைப் பற்றி இந்நாட்டில் எழுந்த மாபெரும் சமயப் பூசலில் அதன் வாய்ப்புறம் மட்டுமே பேசப்பட்டது, மறுமுனை பேசப்படவில்லை.

வைணவத்தில் ஆயுதம் சடப்பொருளன்று. திருமாலின் ஐம்படைகளும் அறிவுடைய நித்தியசூரிகள், அதாவது என்றும் அவனோடு இருக்கும் அடியார்கள். முதலாழ்வார் மூவரும் சங்கு, கதை, வாள் ஆகியவற்றின் அம்சம், திருமங்கையாழ்வார் சார்ங்க வில்லின் அம்சம் என்று மரபு சொல்லும். அரங்கன் கோயிலில் சக்கரத்தாழ்வாருக்குத் தனிச் சன்னிதியே உண்டு. வேதாந்த தேசிகர் அந்தச் சக்கரத்தாழ்வாராகிய சுதர்சனரின் பதினாறு படைகளைப் பற்றி ஷோடசாயுத ஸ்தோத்திரம் செய்தார். அறிவுள்ள ஆயுதம் யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்பதைத் தானே அறியும். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டுப் பொரிகடலை படைத்து வணங்கப்படும் கடைசல் எந்திரத்துக்கு அந்த அறிவு இல்லை. இல்லாத அறிவு முழுவதையும் அதனருகே நிற்பவரே கொண்டிருக்க வேண்டியதாகிறது. அந்தப் பொறுப்பு எவ்வளவு கடினம் என்பதை மகாபாரதத்தின் அத்திரக் கதை காட்டும். அத்திரம் என்பது மந்திரத்தால் ஏவும் படை. அதை ஏவுவதோடு திரும்பப் பெறுவதும் ஒரு கல்வி. சௌப்திக பருவத்தில் அருச்சுனன் தன் அத்திரத்தை மீட்டுக்கொள்கிறான். அசுவத்தாமனுக்கு அது முடியாமல், பாண்டவர் குலத்துக் கருவின்மேல் அது திரும்புகிறது. அந்தப் படையை மகனுக்குக் கற்பித்தவர் துரோணர். அவனுடைய நிலையற்ற மனத்தை அறிந்தும், அவன் வற்புறுத்தலுக்காக, மனிதர்மேல் ஒருபோதும் ஏவாதே என்ற கட்டளையோடு விருப்பமின்றிக் கொடுத்தார். கண்ணனின் சாபம் அசுவத்தாமனைச் சேர்ந்தது; அதற்குள் துரோணர் இறந்துவிட்டிருந்தார், கொடுத்ததற்கான வினையைப் பற்றி அந்த இடத்தில் வியாசர் ஒன்றும் சொல்லவில்லை.