படித்தவன் பொறுப்பு

ஆம்பூரில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் டேனரித் தொழிலாளி. ஆய்வேடு கிடையாது, பாடம், பரீட்சை, பட்டம். குரோமிய உப்பு தோலின் கொலாஜனைப் பிணைத்து அழுகாமல் காக்கும், பிணையாத மிச்சம் கழிவுநீரில் போகும் என்றெழுதி மதிப்பெண் வாங்குகிறான். பாலாறு கெட்டதைப் பற்றிக் கேட்டால், 'நான் ஆராய்ந்தவனல்ல, படித்தவன்தான்' என்கிறான்.

இது அடக்கமா, தப்பித்தலா? பிறர் கண்டதைக் கற்றவனுக்குப் பொறுப்பு குறைவு என்று நாமும் நினைத்துவிடுகிறோம். 1996இல், பாலாற்றுத் தோல்கழிவு வழக்கில், மீளாத கேடு வரக்கூடுமென்றால் விஞ்ஞான நிச்சயமின்மை தடுப்பைத் தள்ளிப்போடக் காரணமாகாது என்றது உச்ச நீதிமன்றம். நிச்சயமற்றவனுக்கே அந்தச் சாக்கு இல்லையென்றால், விடைத்தாளில் நிச்சயமாக எழுதியவனுக்கு ஏது?

அவன் கட்டணமும் அந்தத் தோலிலிருந்துதான் வந்தது. அவன் ஒதுங்குவதைப் பழிக்க எனக்கு மனமில்லை. அதை அடக்கம் என்றழைக்க மட்டும் மறுக்கிறேன்.