நியதியும் நியாயமும்

ஓர் அரசு வீழ்ந்தால், அது எந்தக் கொள்கையின் பெயரால் ஆண்டதோ அந்தக் கொள்கையும் பொய்த்துவிட்டதாகக் கொள்ளலாமா என்பது சமய வரலாற்றில் பலமுறை எழுந்த வினா. கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் கோவிலை இடித்த பின்னும் யூத சமயம் அழியவில்லை. 1924இல் துருக்கி கலீஃபா பதவியை ஒழித்த பின்னும் இசுலாம் தளரவில்லை. ஏனெனில் அச்சமயங்கள் தம் வாக்குறுதியை ஓர் அரசின் ஆயுளோடு முடிந்து வைத்திருக்கவில்லை. பொதுவுடைமையின் நிலை வேறு. 1989 நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறக்கப்பட்டதும், 1991 டிசம்பர் 25இல் கிரெம்ளின் மாளிகையிலிருந்து செங்கொடி இறக்கப்பட்டதும் அக்கொள்கையின் மெய்ம்மையையே ஐயத்துக்கு உள்ளாக்கியதற்குக் காரணம், தன் பக்கம் சாட்சி சொல்ல அது வரலாற்றையே அழைத்திருந்தது என்பதுதான். கூண்டில் ஏறிய வரலாறு பிறழ்சாட்சி ஆகிவிட்டது.

இந்த நம்பிக்கையின் இயல்பைத் தமிழில் அதற்கு அமைந்த சொல்லே காட்டிக்கொடுக்கிறது. முதலாளியம் தன் முரண்பாடுகளாலேயே தகர்ந்து பொதுவுடைமைக்கு வழிவிடும், அது தவிர்க்க இயலாதது என்ற கருத்தைத் தமிழ் மார்க்சியர் ‘வரலாற்று நியதி’ என்று எழுதினர். நியதி என்பதோ ஆசீவகர் என்னும் பண்டைச் சமயத்தார் தம் கோட்பாட்டின் மையத்தில் வைத்த சொல். யாவும் முன்னரே வகுத்தபடி நடக்கும், மனித முயற்சியால் மாறுவது ஒன்றுமில்லை என்பது அவர்கள் கொள்கை. சைவ சித்தாந்தம் அதே சொல்லை முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றாக ஏற்று, அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு நிறுத்துவது நியதி என்று பொருள் வரையறுத்தது; ஆயினும் வினையும் நியதியும் சடம், அதாவது அறிவில்லாத பொருள், ஆகையால் அவை தாமாக இயங்கிப் பயனைக் கொண்டுவந்து சேர்க்கமாட்டா, அறிவுடைய ஒருவன் கூட்டுவித்தாலன்றிக் கூடா என்று உடனே ஒரு தடையும் போட்டது. மார்க்சியம் இறைவனை நீக்கியது, நியதியை வைத்துக்கொண்டது. சித்தாந்தி கேட்கக்கூடிய கேள்வி, அப்படியானால் கூட்டுவிப்பவன் யார் என்பது. மாஸ்கோவில் அந்த வெற்றிடத்தில் கட்சி வந்து அமர்ந்தது. இறைவனுக்கு உரிய பிழைபடாமையும் அதனிடமே போய்ச் சேர்ந்தது.

புதுச்சேரியில் இந்த இயக்கம் வேர்விட்ட விதத்தைப் பார்க்கும்போது, நியதிக்கு அதில் இருந்த பங்கு மிகச் சிறிது என்பது தெரிகிறது. நெல்லித்தோப்புக்கும் முதலியார்பேட்டைக்கும் மில் சங்கு கேட்கும் தொலைவில் சவானா, ரோடியர், கெப்ளே என்ற மூன்று பஞ்சாலைகள் பிரெஞ்சு ஆட்சியில் ஓடின. அவையே பின்னாளில் முறையே சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி மில்களாயின. 1936 ஜூலை 30இல் வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள்மீது காவல்படை சுட்டதில் சவானா மில்லில் பன்னிரண்டு பேர் இறந்தனர். அப்போது பாரிசில் ஆண்டது லெயோன் புளூம் தலைமையிலான மக்கள் முன்னணி, அதாவது சோஷலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் ராடிக்கல் கட்சியினரும் சேர்ந்து அமைத்த கூட்டணி. அதன் ஆட்சியில் தாய்நாட்டுத் தொழிலாளிக்குக் கிடைத்த சலுகை குடியேற்றத் தொழிலாளிக்குத் துப்பாக்கிக் குண்டாக வந்தது என்பதை இடதுசாரி வரலாறுகள் அழுத்திச் சொல்வதில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பயனாக 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று புதுச்சேரி மேடைகளில் இன்றும் பேசப்படுகிறது.

விடியுமுன் உள்ளே போய் இருட்டிய பின் வெளியே வந்த ஒருவனுக்கு எட்டு மணி நேரம் என்பதன் பொருள், சங்கு ஊதினால் கதவைத் திறந்துவிட வேண்டும், வீட்டுக்குப் போகும்போது வெளிச்சம் இருக்க வேண்டும், பிள்ளைகள் விழித்திருக்க வேண்டும் என்பதே. உபரி மதிப்பு, அதாவது கூலிக்கு மேல் உழைப்பு ஈட்டித் தந்து முதலாளியிடம் தங்கிவிடும் பகுதி, என்ற கோட்பாட்டை அவன் அறிந்திருக்க வேண்டியதில்லை. அவன் கேட்டது நியாயம். அது நடந்தே தீரும் என்று யாரும் உறுதி கொடுக்காத நிலையிலும் அவன் அதைக் கேட்டான்.

அதே ஊரில் 1910 முதல் வாழ்ந்த அரவிந்தர், தாம் நடத்திய ‘ஆர்யா’ இதழில் முதல் உலகப் போர்க் காலத்திலேயே இந்த நியாயத்தை வேறொரு பக்கமிருந்து அணுகினார். விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சு மும்மையில் மூன்றாவது ஆன்மாவைச் சார்ந்தது, அரசு இயந்திரத்தால் அதைச் செய்துதர முடியாது, அதை விட்டுவிட்டுச் சமத்துவத்தை மட்டும் இயந்திரத்தால் கட்டினால் விடுதலை போய்விடும் என்பது அவர் வாதத்தின் சாரம். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இது கூர்மையான முன்னறிவிப்பு. ஆனாலும் மில் வாசலில் நின்றவனுக்கு அன்றைக்கு இதனால் ஆகக்கூடியது ஏதுமில்லை.

சோவியத் வீழ்ச்சியின் அதிர்வு தமிழ்நாட்டை உடனே எட்டியது. செங்கொடி இறங்கிச் சில நாள்களிலேயே, 1992 ஜனவரியில், மார்க்சிஸ்ட் கட்சியின் 14ஆவது மாநாடு சென்னையில் கூடி, தவறு கொள்கையில் இல்லை, அதைக் கட்டியெழுப்பிய முறையில்தான் என்று தீர்மானித்தது. பலன் தராத மந்திரத்துக்கு உச்சரிப்புப் பிழை காரணம் சொல்லும் மரபு இது. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே அடிமாட்டு விலைக்குக் கிடைத்த மாஸ்கோப் பதிப்புகள் வராமல் நின்றன. பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட வழவழப்பான தாள் தந்த ‘சோவியத் நாடு’ இதழும் நின்றது. சோவியத் நாடுகளோடு ரூபாய்க் கணக்கில் நடந்த வணிகம் சரிந்ததும், 1991இல் இந்தியா அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கி ஜூலை 24 வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் சந்தைப் பொருளாதாரத்துக்குத் திரும்பியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன.

1991 மே 1இல் போப் இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட ‘நூறாவது ஆண்டு’ என்னும் சுற்றுமடல், நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னை ஆலயம் சார்ந்துள்ள திருச்சபையின் நிலையைச் சொல்லியது. தனி மனிதரைச் சமூக இயந்திரத்தின் உறுப்பாக மட்டும் கண்டதே சோஷலிசத்தின் அடிப்படைப் பிழை என்று கூறிய அம்மடல், அதன் தோல்வியால் சுரண்டல் நீங்கிவிடவில்லை, சந்தையே எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற கண்மூடித்தனமும் ஆபத்தானது என்று சேர்த்தே எழுதியது. போலந்தில் பொதுவுடைமை ஆட்சியை அசைத்ததில் பெரும்பங்கு கொண்டவரே இப்படி எழுதியது குறிப்பிடத்தக்கது. மறுபுறம், 1989இல் அமெரிக்க அரசியல் அறிஞர் பிரான்சிஸ் ஃபுகுயாமா, வரலாறு தாராளச் சனநாயகத்தில் வந்து முடிந்துவிட்டதாக வாதிட்டார். பெயர்ப்பலகை மாறினாலும் கடை பழைய நியதியின் கடைதான்.

சுப்பையா 1993இல் காலமானார். 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி., நட்டத்தைக் காரணம் காட்டி 2020இல் மூடப்பட்டது; மற்ற இரு மில்களும் அந்த ஆண்டின் ஊரடங்கோடு ஓட்டத்தை நிறுத்தின. ஆண்டுதோறும் ஜூலை 30இல் தியாகிகளுக்கு மாலை போட வருவோருள் வரலாற்று நியதியை நம்புவோர் எத்தனை பேர் என்பது ஐயமே. 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நிறைவேற்றியபோது, தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அந்த எதிர்ப்பில் சோவியத் ஒன்றியத்தின் பெயர் தேவைப்படவில்லை. எட்டு என்ற எண்ணே போதுமானதாக இருந்தது.