கறுப்புக் கோட்டுக்கு முந்தைய பட்டம்

பி.எஸ்சி.யோ பி.காமோ முடித்த பிள்ளை சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், கீழ்பென்னாத்தூர் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இதுதான்னா ப்ளஸ் டூ முடிச்ச கையோட சேர்ந்திருக்கலாமே?" என்பதாகத்தான் இருக்கும். மூன்று ஆண்டுகள் வீணாகிவிட்டன என்ற வருத்தம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்த வருத்தம் நிற்பதில்லை. பள்ளி முடித்ததும் சட்டத்துக்குப் போகிறவர் ஐந்தாண்டு படிக்கிறார். வேறொரு பட்டம் வாங்கிவிட்டு வருகிறவர் மூன்றும் மூன்றுமாக ஆறு ஆண்டு படிக்கிறார். இடைவெளி ஓர் ஆண்டு. பொறியியல் படித்தவருக்கு இரண்டு. குரூப் தேர்வுக்குத் தயாராகிறான் என்று சொல்லி இதைவிட அதிகமான ஆண்டுகளை நம் குடும்பங்கள் முகம் சுளிக்காமல் கொடுக்கின்றன. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வும் கிடையாது. பட்ட மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ, பட்டம் என்ற வரிசை பிசகாமல் இருந்தால் போதும். விழுப்புரத்திலும் வேலூரிலும் கல்லூரி இருக்கிறது. ஆகவே தாமதம் என்பது பெரிய தடை இல்லை. பெரிய தடை வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் குறை.

சட்டத்தைத் தவிர வேறு படித்தவர் இந்தத் தொழிலுக்குப் பாதி அந்நியர் என்று நினைப்பதற்கு வரலாற்றில் இடமில்லை. இந்தியாவில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு 1980-களில் வந்த புது வரவு. அதற்கு முன் சென்னை மாகாணத்து வக்கீல்களின் பெயர்ப் பலகையில் பி.ஏ., பி.எல். என்று இரண்டு பட்டங்கள் வரிசையாக இருக்கும். முதல் பட்டம் இல்லாமல் இரண்டாவது இல்லை. கேசவானந்த பாரதி வழக்கை வாதாடிய நானி பல்கிவாலா ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர், பிறகு வருமான வரிச் சட்டத்தில் நாடே மதிக்கும் நூலை எழுதினார். 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் தமிழக ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி வேதியியல் பட்டதாரி. இங்கிலாந்தின் டென்னிங் பிரபு ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து, பள்ளியில் கணக்கு வாத்தியாராகவும் இருந்துவிட்டுத்தான் சட்டம் படிக்கத் திரும்பினார். அந்த நாட்டில் இன்றும் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவரும் சொலிசிட்டராக வரலாம்; 2021-இலிருந்து எல்லோருக்கும் பொதுவான தகுதித் தேர்வும் இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் கேட்கிறார்கள்.

"பேர் போனவர்களை வைத்து வாதாடாதே, ஐந்து ஆண்டு சட்டத்திலேயே ஊறியவனுக்கும் மூன்று ஆண்டு படித்தவனுக்கும் வித்தியாசம் இல்லையா?" என்று கேட்கலாம். சட்டப் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்வதில் வித்தியாசம் இருக்கலாம். ஆனால் 2024 ஜூலை 1 அன்று என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கு 302 என்று சினிமா பார்ப்பவர்கூடச் சொல்வார்; அது 103 ஆயிற்று. வசைச் சொல்லாகவே ஆகிவிட்ட 420, 318-க்குள் ஓர் உட்பிரிவாக ஒடுங்கியது. முப்பது வருட அனுபவம் உள்ளவரும் நேற்று பதிவு செய்தவரும் ஒரே புத்தகத்தைப் புதிதாகப் புரட்டினார்கள். பழைய வழக்குகள் பழைய சட்டப்படியே நடப்பதால் அனுபவத்தின் மதிப்பு போய்விடவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த மதிப்பு எண்களில் இருக்கவில்லை. சாட்சியை எப்படிக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்ற பழக்கத்தில் இருந்தது. அதை ஐந்தாண்டுக் கல்லூரியும் கொடுப்பதில்லை.

திருவண்ணாமலை நீதிமன்றத்துக்குச் சுற்று வட்டாரத்திலிருந்து வரும் வழக்குகள் எவை? பாகப்பிரிவினை, வண்டிப்பாதை, கிணற்றுப் பங்கு, வரப்புத் தகராறு, செக் மோசடி, ஜீவனாம்சம், செஞ்சி சாலையில் நடக்கும் விபத்துகளுக்கான இழப்பீடு. இவற்றில் சட்டம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் சட்டத்துக்கு வெளியே கிடக்கிறது. வரப்புத் தகராறில் புலப்படத்தின் அளவுகளைக் கூட்டிப் பார்த்து, பட்டாவில் உள்ள பரப்போடு அது ஒத்துப்போகிறதா என்று சொல்ல கணிதம் படித்த ஜூனியருக்கு நிமிடங்கள் போதும். விபத்து வழக்கில் இறந்தவரின் வருமானம், வயது, குடும்பத்தினர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு இழப்பீட்டைப் பெருக்கிக் கணக்கிடும் முறையை 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது, பி.காம். படித்தவருக்கு அது பழகிய வேலை. செக் வழக்கில் எதிர்த்தரப்பின் கணக்குப் புத்தகத்தில் ஓட்டை தேடுவதும் அவருக்கே கைவரும். தமிழ் இலக்கியம் படித்தவரைத்தான் எல்லோரும் அதிகம் இளக்காரமாகப் பார்ப்பார்கள். கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்கலாம் என்பதும், பழைய கிரயப் பத்திரத்தின் முற்றுப்புள்ளி இல்லாத ஒரு பக்க வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் சொல்ல ஆள் வேண்டும் என்பதும் அப்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. முதல் பட்டத்தை மறைத்துக்கொண்டு சீனியர் முன் போய் நிற்கிறவர், தன் கையில் உள்ள நல்ல சரக்கையே காட்டாமல் திரும்புகிறார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மும்பையிலும் சென்னையிலும் உள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கே போய் ஆள் எடுக்கின்றன. அந்த வாசலில் மூன்றாண்டுப் படிப்புக்காரர், அதுவும் மாவட்டக் கல்லூரியிலிருந்து வந்தவர், பின்வரிசையில்தான் நிற்பார். அதுதான் ஆசை என்றால் நான் மேலே சொன்னவை பெரிதாக உதவா. என் வாதம் ஊர் நீதிமன்றத்தில் தொழில் செய்ய நினைப்பவருக்கானது.

அவருக்குள்ள உண்மையான தடை ஜூனியர் காலம். இங்கிலாந்தில் பயிற்சி ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. விண்ணப்பம், நேர்காணல், எழுத்தில் காலவரையறை, சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். நம் நாட்டில் ஜூனியர் என்ற நிலையே சட்டத்தில் இல்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் முதலில் இருந்த பயிற்சி நிபந்தனை 1973-இன் திருத்தத்தில் நீக்கப்பட்டது. பார் கவுன்சில் 1995-இல் விதிகள் போட்டுப் பயிற்சியை மீண்டும் கொண்டுவந்தது; 1999-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. பதிவு செய்த அன்றே தனியாக வாதாடும் உரிமை கிடைத்துவிடுகிறது. அகில இந்திய வழக்கறிஞர் தேர்வை இரண்டு ஆண்டுக்குள் முடித்தால் போதும். கேட்பதற்குப் பெரிய சுதந்திரம். நடைமுறையிலோ, தொழில் கற்க ஒரு சீனியரின் அலுவலகம் வேண்டும். அங்கே சேர விண்ணப்பம் கிடையாது. தெரிந்தவர் மூலமாக, குமாஸ்தா மூலமாக, சொந்தக்காரர் மூலமாக, பல சமயம் சாதிக்காரர் மூலமாக, "சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று போய்ச் சேர வேண்டும். சட்டம் பார்க்காத இடத்தில் சம்பளமும் சீனியரின் மனசைப் பொறுத்ததாகிவிடுகிறது. பேருந்துக் காசு கிடைத்தாலே நல்ல சீனியர் என்று பெயர்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தொட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட உத்தரவிட்டது. அதற்கு அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், பல ஆயிரங்களாக ஏறியிருந்த பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றது. இரண்டாவது தீர்ப்பு ரசீதில் தெரியும். முதலாவதை நடைமுறைப்படுத்துவது கடினம். சிறு ஊர்ச் சீனியர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கட்சிக்காரர் அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்கிறார்; சில மாதங்களில் சீனியருக்கே 15,000 நிற்பதில்லை. தொழில் கற்றுத் தருவதே கூலிதானே என்றும் கேட்பார். ஆனால் கட்டு தூக்குவது, வாய்தா வாங்குவது, நகல் மனு போடுவது என்று ஜூனியர் செய்வதில் பெரும்பகுதி கற்றல் அல்ல, வேலை. வேலைக்குக் கூலி கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. தொகையைக் குறைத்துப் பேசலாம், தனியாகச் சிறு வழக்கு எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம், எத்தனை மாதத்துக்குப் பிறகு மறுபடி பேசுவது என்று தீர்மானித்துக்கொள்ளலாம். பேசாமல் சேர்வதுதான் ஆபத்து. முதல் பட்டம் இங்கேயும் கைகொடுக்கும்: மாலையில் டியூஷன் எடுக்கவோ, கடைகளுக்குக் கணக்கு எழுதவோ தெரிந்தவர் இந்த ஆண்டுகளைத் தாங்குவார். ப்ளஸ் டூவிலிருந்து நேராகச் சட்டத்துக்கு வந்தவருக்குப் பெரும்பாலும் அப்பாவின் நிலம்தான் துணை.

இது ஒரு வீட்டுக் கணக்கோடு முடியும் விஷயமும் இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுத மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அனுபவம் இல்லாத இளைஞரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பது சரியல்ல என்ற காரணம் நியாயமானதே. ஆனால் அந்த மூன்று ஆண்டும் சம்பளம் நிச்சயமில்லாத ஆண்டுகள். 2020-இல் தமிழக அரசு இளம் வழக்கறிஞர்களுக்கு அறிவித்த உதவி மாதம் 3,000 ரூபாய், அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு. மூன்றாவது ஆண்டை யாரால் தாங்க முடிகிறதோ அவர்களிலிருந்துதான், கீழ்பென்னாத்தூர் வரப்புத் தகராறை நாளை விசாரிக்கப்போகும் முன்சீப்பும் வருவார்.