சுவரில் தொங்கும் சொற்கள்

நிறுவனங்களின் வரவேற்பறைகளில் கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கும் குறிக்கோள் வாசகங்களை நாம் கண்டிருக்கிறோம். நேர்மை, தரம், சேவை என்னும் சொற்கள் அவற்றில் தவறாது இடம்பெறும். அமெரிக்காவின் என்ரான் நிறுவனமும் நேர்மையைத் தன் விழுமியங்களுள் ஒன்றாகவே அறிவித்திருந்தது. கணக்கு மோசடி அம்பலமாகி, 2001 டிசம்பரில் அது திவாலாயிற்று. சொல்லில் குறையில்லை. பின் குறை எங்கே?

வாக்குறுதி என்பது அவரவர் வாயால் கொடுக்கவேண்டியது. பிறருக்காக நாம் கடன் அடைக்கலாம். வாக்குக் கொடுக்க இயலாது. மேலாளர் தனியறையில் எழுதி ஊழியர்க்கு வாசித்துக் காட்டுவது ஆணையாகலாம். ஆணையை மீறுபவர் தண்டனைக்கு அஞ்சுகிறார். வாக்கை மீறுபவரோ தம் மனச்சான்றுக்கு அஞ்சுகிறார்.

அப்படியாயின், குறிக்கோளை அனைவரும் கூடித்தான் எழுதவேண்டுமா? ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் வரலாறு வேறொரு விடை தருகிறது. 1943இல் அதன் தலைவர் ராபர்ட் உட் ஜான்சன் தாமே ஒரு கொள்கை உரையை எழுதினார். மருத்துவர், செவிலியர், தாய்மார் முதலியோருக்கே முதற்கடமை, அடுத்து ஊழியர், பின்னர்ச் சமூகம், பங்குதாரர் இறுதியில். 1970களில் ஜேம்ஸ் பர்க் என்பார் மேலாளர்களைக் கூட்டி, இதன்படி வாழ இயலாதெனில் சுவரிலிருந்து கழற்றிவிடுவோம் என்று விவாதத்துக்கு விட்டார். ஒருவர் எழுதியது, மறுக்கும் உரிமையோடு ஏற்கப்பட்டபோது பலருடைய வாக்காயிற்று.

1982இல் சிகாகோ பகுதியில், யாரோ சயனைடு கலந்த டைலனால் மாத்திரைகளை உட்கொண்டு எழுவர் மாண்டனர். தவறு நிறுவனத்தினுடையதன்று. எனினும் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளை அது திரும்பப் பெற்றது. பங்குதாரர் இறுதியில் என்ற சொல்லுக்கு அன்று விலை கொடுக்கப்பட்டது.

ஆயினும் ஒருமுறை காத்த வாக்கு என்றென்றைக்கும் போதாது. அதே நிறுவனத்தின் டால்கம் தூளால் புற்றுநோய் வந்ததெனப் பின்னாளில் பல்லாயிரம் வழக்குகள் எழுந்தன. நிறுவனம் அதை மறுக்கிறது. உண்மை எதுவாயினும், பழைய புகழ் புதிய கேள்விக்கு விடையாகாது. ஒவ்வொரு தலைமுறையும் அச்சொற்களைத் தானே மீண்டும் ஏற்றாக வேண்டும்.

வாசகர்களுள் பலர் பள்ளி ஆட்சிக்குழுவிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, சிறு தொழிலகத்திலோ பொறுப்பேற்றிருப்பீர்கள். குறிக்கோள் எழுத அமரும் நாளில் வாயிற்காவலரையும் துப்புரவுப் பணியாளரையும் உடன் அமர்த்துங்கள். நிறுவனம் தன் சொல்லை மீறும் இடங்களை முதலில் காண்பவர்கள் அவர்களே. எந்த நற்சொல்லைச் சேர்க்கலாம் என்று கேட்பதைவிட, இச்சொல்லுக்காக எந்த இழப்பை ஏற்போம் என்று கேளுங்கள். விடை கிடைக்காத சொல்லை அடித்துவிடுங்கள். எஞ்சுபவை இரண்டு வரிகளே ஆயினும், அவற்றின் கீழ் அனைவரும் கூசாமல் கையொப்பமிடலாம்.