நடுத்தர விலையும் நம் அளவும்

குளிர்ந்த நீரில் கழுத்தளவு அமிழ்ந்து சில நிமிடம் அமர்ந்தெழும் வழக்கம் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல இல்லங்களில் புகுந்துள்ளது. பனிக்கட்டி இட்டுப் பயன்படுத்தும் எளிய தொட்டி சில நூறு டாலருக்குள் கிடைக்கின்றது. சில்லர் என்னும் குளிரூட்டும் பொறி இணைந்த தொட்டிக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். மரமும் எஃகும் கொண்டு அழகுற அமைத்தவை பத்தாயிரத்தையும் கடக்கின்றன. அந்நாடுகளில் வாழும் நம் குடும்பத்தினருள் இதனை வாங்க எண்ணுவோரும் இருக்கலாம். "மிக உயர்ந்ததும் வேண்டா, மிக மலிந்ததும் வேண்டா, நடுத்தர விலையில் ஒன்று போதும்" என்று அவர்கள் கூறின், அச்சொல் அடக்கமான சொல்லாகவே நம் செவியில் விழும். அது மெய்யாகவே அடக்கந்தானா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

நடு என்பதை வகுப்பவர் யார்? விற்பவரே. இருபதாயிரம் டாலருக்கு ஒரு தொட்டி கடைக்கு வந்துவிட்டால், நேற்று உயர்ந்ததாகத் தோன்றிய விலை இன்று நடுத்தரமாகிவிடும். நம் தேவை வளரவில்லை. விலைப்பட்டியல் மட்டுமே வளர்ந்தது. இல்லறத்தாருக்கு உரிய குணவிரதங்களுள் ஒன்றாகப் போகோபபோக பரிமாணத்தை அருங்கலச்செப்பு வகுத்துள்ளது. ஒருமுறை துய்த்துக் கழிப்பது போகம். பன்முறை துய்ப்பது உபபோகம். இவ்விரண்டிற்கும் அளவு கட்டுதலே விரதம். அவ்வளவைக் கட்டுபவர் துய்ப்பவரே அன்றி விற்பவர் அல்லர்.

"குளிரைத் தாங்குவதும் தவந்தானே?" எனச் சிலர் வினவலாம். முனிவர் வெல்ல வேண்டிய 22 பரீஷகங்களுள் குளிரும் ஒன்று என்பது உண்மையே. ஆயின் அது தானே வந்துற்ற குளிர். நெறி பிறழாமல் அதனைப் பொறுத்தலே பரீஷக வெற்றி. நம் முனிவர்களின் 28 மூலகுணங்களுள் நீராடாமையும் ஒன்றென்பதை ஈண்டு நினைதல் தகும். உடல் நலத்தையும் ஊக்கத்தையும் நாடி விலைக்கு வாங்கும் குளிர் தவமாகாது, அஃது உடலோம்பல். உடலோம்பல் இல்லறத்தாருக்குக் குற்றமன்று. ஆனால் அதற்குத் தவமென்று பெயரிட்டால், அளவு கட்ட வேண்டிய இடத்தில் பெருமிதம் வந்து அமர்ந்துகொள்ளும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த அறிஞர் செனக்கா பெருஞ்செல்வர். ஆண்டின் முதல் நாளன்று விர்கோ என்னும் கால்வாயின் குளிர்நீரில் குதித்து வந்தவர். பின்னர் தைபர் ஆற்றுக்கு மாறினார். முதுமையில் வெயில் மட்டுமே வெதுப்பிய தொட்டி நீரோடு அமைந்தார். இதனை அவரே தம் கடிதமொன்றில் எழுதியுள்ளார். உடல் மாறியபோது அளவையும் மாற்றிக்கொள்ள அவர் நாணவில்லை.

இனித் தேவையை நோக்குவோம். நெதர்லாந்தில் சற்றேறக்குறைய 3,000 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெந்நீர்க் குளியலின் இறுதியில் குழாயின் குளிர்நீரில் நின்றவர்கள் நோய் காரணமாகப் பணிக்கு வாராமை 29 விழுக்காடு குறைந்தது. 30 வினாடி நின்றவருக்கும் 90 வினாடி நின்றவருக்கும் பயனில் வேறுபாடு காணப்படவில்லை. நோயுற்ற நாட்களோ குறையவில்லை. அப்பயனுக்குத் தொட்டியே வேண்டியதில்லை என்பது கருதத்தக்கது. தசை வளர்க்கும் பயிற்சிக்குப் பின் தொடர்ந்து குளிர்நீரில் அமிழ்ந்தால் அவ்வளர்ச்சி குன்றுவதாக 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மேலும், திடீரென அமிழும்போது மூச்சு நம்மை மீறி உள்ளிழுக்கப்படும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயரும். இதய நோயுடையோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. எவரும் தனித்து இறங்குதலும் நன்றன்று.

தொட்டியே வேண்டுமெனில், அதன் செலவு பணத்தோடு முடிவதில்லை. 400 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குளிர்விக்கப் பனிக்கட்டியாயின் ஏறத்தாழ 67 கிலோ வேண்டும். பொறியாயின் 2 அல்லது 3 யூனிட் மின்சாரம் செல்லும். பனிக்கட்டித் தொட்டியின் நீரை அடிக்கடி கொட்டிவிட நேரும். பொறியுள்ள தொட்டியோ அதே நீரை வாரக்கணக்கில் காக்கும். ஆனால் அங்ஙனம் காப்பது வடிகட்டியோடு ஓசோன், புற ஊதாக் கதிர், குளோரின் ஆகியவற்றால் நீரில் தோன்றும் நுண்ணுயிரை இடையறாது அழித்தே. வடிகட்டிய நீருக்கும் 48 நிமிடமே எல்லை என்று கொள்வதும், துணியில் தங்கிய உயிர்களை வந்த நீர்நிலைக்கே திருப்பி விடுவதும் நம் மரபு. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களும் உண்டென நம்பும் நமக்கு, ஒரு வழியில் நீர் வீணாகின்றது. மறுவழியில் உயிர்க்கொலை நாள்தோறும் தொடர்கின்றது. தீங்கற்ற தொட்டி எந்த விலையிலும் இல்லை. தீங்கு குறைந்த பயன்பாடே உண்டு.

ஆதலின், வாங்க விழைவோர் முதலில் ஒரு திங்கள் குழாய் நீரோடு பழகிப் பார்க்கட்டும். அதன் பின்னும் வேண்டுமெனின், பொறியின் ஆற்றலைவிடத் தொட்டியின் சுவர்த் தடிப்பையும் மூடியின் இறுக்கத்தையும் நோக்குக. குளிர் வெளியேறாத தொட்டிக்குச் சிறிய பொறியே போதும். உடல் கொள்ளும் அளவில் சிறியதைத் தேர்க. 10 பாகைக்கு மாறாக 15 பாகையில் நிறுத்தின், முதலில் குளிர்விக்கும் மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறையும். பயன்படுத்தாத பருவத்தில் நீரை வடித்துச் செடிகளுக்குப் பாய்ச்சிப் பொறியை நிறுத்துக. குளோரின் இட்ட நீராயின் அது நீங்கிய பின்னரே பாய்ச்சுக. குறித்த காலத்துக்குக் கொள்ளும் வரையறையை நியமம் என்பர். ஓராண்டு எனக் காலம் வகுத்து, அதன் முடிவில் இது தேவைதானா என்று மீண்டும் வினவுக. தேவையில்லையெனில் வேண்டுவோர்க்குக் கொடுத்துவிடுக.

இவ்வாராய்ச்சி தொட்டிக்கு மட்டும் உரியதன்று; ஊர்தி, கைப்பேசி, திருமண மண்டபம் ஆகிய அனைத்திற்கும் நடுத்தரம் என்னும் சொல்லையே நாம் அரணாகக் கொள்கின்றோம். இல்லத்தில் அனைவரும் அமர்ந்து முதலில் நம் அளவை வகுத்துக்கொண்டு, அதன் பின்னரே விலைப்பட்டியலைப் பிரிப்போமாக.